சக்கர நாற்காலிகளுக்கு நடுவில்

அத்தியாயம் 17

மாரியப்பனின் அழைப்பு வந்தபோது சாவியோ குளித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி சுஜாதான் போனை எடுத்தாள்.

மாரியப்பன் ஏற்காட்டுக்காரர். காடு மேடெல்லாம் ஜீப்பை ஏற்றி இறக்குவதில் பைத்தியம். சாவியோவின் ஜீப் சாமான் கடைக்கு வரும்போதெல்லாம் மாடிக்கு வந்து சுஜாவிடம் காப்பி கேட்டு வாங்கிக் குடிக்கிற அளவுக்குப் பழக்கம்.

"தங்கச்சி, சர்ச் பெட்டி இன்னைக்கு வெளிய வந்துருமா? ஞாயித்துக்கிழமை மலை ஏறணும்னு பசங்க இங்க துடிச்சிக்கிட்டு இருக்கானுங்க."

"எந்த சர்ச் பெட்டிண்ணே?"

மாரியப்பன் அவசரமாகத் தொண்டையைச் செருமினார்.

"சரிம்மா. நான் சாவியோகிட்டயே பேசிக்கறேன்," என்று வைத்துவிட்டார்.

சுஜா போனை மேசைமேல் வைத்தாள். பாங்காக்கிலிருந்து திரும்பிய இரவு சாவியோ அவளைத் தூக்கிச் சுற்றியது உங்களுக்கும் நினைவிருக்கும். 'இந்த வாட்டி வரியே இல்ல சுஜா, பாதிக்குப் பாதி மிச்சம்' என்றான். எப்படி என்று அவள் கேட்டதற்குச் சிரித்து மழுப்பினான். அந்தச் சிரிப்பின் பொருள் இப்போது மெல்ல மெல்ல அவளுக்கு விளங்கியது.

பாங்காக்கிலிருந்து சர்ச்சுக்கு வரவேண்டியவை நான்கு மரப்பெட்டிகள்தான். ராயபுரத்தில் இதே தெருவில் பிறந்து, நர்ஸாகப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்ட ரேச்சல் அனுப்பியவை. அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட சக்கர நாற்காலிகளை அங்குள்ள பங்குக் கோயில்காரர்களோடு சேர்ந்து பழுது பார்த்து, இங்கே சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு அனுப்பியிருந்தாள். தருமத்துக்கு வரும் பொருள் என்று வரிவிலக்கு கேட்டிருந்தார்கள். கோயில் சார்பில் கையெழுத்துப் போட்டவர் சுஜாவின் மாமனார் பாஸ்கல். ஜீப் சாமான் வாங்க எப்படியும் பாங்காக் போகிற பையன் பெட்டி கட்டவும் உதவட்டும் என்று அனுப்பிவைத்தவரும் அவர்தான்.

சாவியோ தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான்.

"மாரியப்பண்ணன் பேசுனாங்க. சர்ச் பெட்டி வந்துருமான்னு கேக்காங்க."

துண்டு அப்படியே நின்றது.

"என்ன வச்சிருக்கீங்க அதுக்குள்ள?"

"பெருசா ஒண்ணும் இல்ல சுஜா. கொஞ்சம் ஷாக் அப்சார்பர். ஒரு வின்ச்."

சேற்றில் சிக்கிய ஜீப்பைக் கம்பி போட்டு இழுக்கிற மோட்டார்தான் வின்ச். கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து சுஜாவுக்கும் அதெல்லாம் அத்துப்படி.

"எங்க வச்சீங்க?"

"நாற்காலிங்களுக்கு நடுவுல. பெட்ஷீட்ல சுத்தி." அவன் குரல் தணிந்தது. "யாரும் தொறக்கமாட்டாங்க. சர்ச்சு சாமான். எங்க நைனாவ பாத்தா ஹார்பர்ல அவனவன் எழுந்து நிக்கறான்."

"அதனாலதான் அதுல வச்சீங்களா?"

அவன் துண்டைக் கொடியில் போட்டான்.

"வரி கட்டி கொண்டாந்தா அந்த வெலைக்கு யாரும் வாங்கமாட்டான் சுஜா. ஆன்லைன்ல பாத்துட்டு வந்து என் மூஞ்சிக்கு நேரா போனை காட்டறான். எல்லாருமேதான் துணிப் பெட்டியில ரெண்டு, மூணுன்னு எடுத்துட்டு வர்றாங்க. நான் மட்டும் யோக்கியனா இருந்தா கடைய இழுத்து மூடிட்டு உங்கப்பா குடோன்ல மூட்டைதான் எண்ணணும்."

அது எங்கே போய்த் தைக்கும் என்று அவனுக்குத் தெரியும். சுஜாவின் குடும்பம் தெற்கே நாசரேத்திலிருந்து வந்து காலடிப்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்கிற புராட்டஸ்டன்ட் குடும்பம். கத்தோலிக்கப் பையனைக் கட்டியதைக்கூட அவளுடைய அப்பா மன்னித்துவிட்டார். வியாபாரம் தெரியாத வீட்டுப் பையனைக் கட்டியதை மன்னிக்கவில்லை. போன மாதம் தம்பி ஜெஸ்வினின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தபோது, 'அவுக கடையில இருக்கிற வெலைக்கு மெட்ராஸ்ல வேற எவனும் குடுக்க முடியாது' என்று எல்லார் முன்னாலும் அவள் சொன்னாள். அப்பா முதல்முறையாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்துக்கொண்டே அன்று வீடு திரும்பியிருந்தாள்.

இப்போது அதை நினைத்தபோது காது மடல்கள் சுட்டன.

"மாமாகிட்ட சொல்லிருங்க," என்றாள். "இன்னைக்குப் பெட்டி எடுக்க அங்க போய்ச் சேருறதுக்கு முன்னால சொல்லிரணும். இல்ல, நான் கீழ போய்ச் சொல்லுதேன்."

"நானே சொல்றேன். வண்டியில போறப்ப சொல்றேன். சத்தியமா."

கீழே பாஸ்கல் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே மாதா பாட்டு ஒன்றை முணுமுணுப்பது கேட்டது. படியில் இறங்கினால் போதும். சுஜா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அடுப்பைக் கவனிக்கத் திரும்பிவிட்டாள்.

* * *

பாஸ்கல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரைப் பற்றி அங்கே இன்றும் ஒரு கேலி உண்டு. வேலை முடிந்து வெளியே வரும்போது வாசல் காவலர் கேட்பதற்கு முன்பே சோற்று டப்பாவைத் திறந்து காட்டுவாராம். "உன்ன யார் நைனா கேட்டா? போ, போ," என்று அவர்கள் விரட்டினாலும், "பாத்துட்டு அனுப்பு. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது," என்பாராம். காலி டப்பாவைக் கழுவித் துடைத்துத்தான் திறந்து காட்டுவார் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

இன்று வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார். பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு மகனின் தோளில் கை வைத்தார்.

"போலாம் ரைட்டு."

காசிமேடு தாண்டியதும் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசை தொடங்கியது. ஹெல்மெட்டுக்குள் சாவியோ வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தான். 'நைனா, ஒரு தப்பு பண்ணிட்டேன்.' வேண்டாம். 'நைனா, கோச்சுக்காத.' அதுவும் வேண்டாம். சிக்னலில் வண்டி நின்றது.

"நைனா."

"இன்னாடா?"

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

பக்கத்து லாரி ஹாரன் அடித்தது. விளக்குப் பச்சைக்கு மாறியது.

"அப்பாலிக்கா சொல்றேன்."

திருவொற்றியூர் தாண்டி ஒரு டீக்கடையில் அவனாகவே வண்டியை ஓரம் கட்டினான். இங்கே சொல்லிவிடலாம். பெட்டிகளை இப்போதைக்கு எடுக்க வேண்டாம், அதிகாரியிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டால் போதும். வாயைத் திறந்தான். பாஸ்கல் முந்திக்கொண்டார்.

"ஹோம்ல கீற யேசுதாஸு டெய்லி கேக்கறான்டா. 'வண்டி வந்துச்சா, வண்டி வந்துச்சா'ன்னு பேஜாரு. கால எடுத்ததுலேர்ந்து அவன் மாதா கோயிலுக்கே வரலயே. இந்த ஞாயித்துக்கெழம நானே தள்ளிகினு போறேன்னு சொல்லிகீறேன்." டீயை ஊதினார். "ஃபாதர் இன்னா சொன்னாரு தெரியுமா? பூசை முடிஞ்சி உன் பேர சொல்லி தேங்க்ஸ் சொல்லப்போறாராம். கடைய வுட்டுட்டு இதுக்காக அங்க நின்னு பொட்டி கட்டனல்ல."

"அதெல்லாம் வேணாம் நைனா."

"வேணாமா? நான் கேக்கணும்டா அத. முன்னால பெஞ்சில குந்திகினு கேக்கணும்." சிரித்தார். "ஆமா, இன்னாமோ சொல்லணும்னியே?"

சாவியோ கிளாஸைக் கீழே வைத்தான். "ஒண்ணும் இல்ல. டீ நல்லாகீதான்னு கேக்க வந்தேன்."

* * *

கப்பலில் வந்த சரக்கை இறக்கிப் பிரித்து வைக்கும் யார்டில் எபினேசர் காத்திருந்தார். சுங்க வேலைகளை முடித்துக்கொடுக்கும் ஏஜென்ட் ஆபீஸில் அவர் பழம் தின்று கொட்டை போட்டவர். கோயில் காரியம் என்பதால் கூலி வாங்காமல் வந்திருந்தார்.

நான்கு மரப்பெட்டிகளும் கொட்டகையின் நிழலில் வரிசையாக இருந்தன.

சோதிக்க வந்த அதிகாரி இளம்பெண். வெயிலில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பெட்டிகளைச் சுற்றி வந்தார். முத்திரைகளைப் பார்த்தார். பாஸ்கலைப் பார்த்ததும் புன்னகைத்தார்.

"முதியோர் இல்லத்துக்கா ஐயா? நல்ல காரியம். வெளியில எல்லாம் சரியா இருக்கு. கொண்டு போங்க."

சாவியோ மூச்சை விட்டான். அவ்வளவுதான், முடிந்தது. வண்டியில் ஏற்றும்போது அந்த ஒரு பெட்டியை மட்டும் கடைப்பக்கம் திருப்பிவிட்டால் போதும். நைனாவுக்கு எதுவுமே தெரியவேண்டாம். இனி ஒருபோதும் இப்படிச் செய்வதில்லை என்று மனதுக்குள் மாதாவிடம் சொல்லிக்கொள்ளக்கூட ஆரம்பித்துவிட்டான்.

"ஒரு பொட்டிய தொறந்து பாத்துட்டே வுடுங்கம்மா," என்றார் பாஸ்கல்.

"பரவாயில்லை ஐயா."

"இல்லம்மா. சாமி பேர்ல வந்த சாமான். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."

எபினேசர் தலையில் அடித்துக்கொண்டார். "பாஸ்கலண்ணே, அவங்களே போவச் சொல்றாங்க. சோத்து டப்பா பழக்கம் இன்னும் போவலியா உனக்கு?"

அதிகாரியும் சிரித்துவிட்டார். "சரி, ஐயாவோட திருப்திக்கு ஒண்ணு திறப்போம். எது?"

பாஸ்கல் பெட்டிகளை ஒருமுறை பார்த்தார். "எம் பையன் கட்டன பொட்டி இது. 'எஸ்'னு போட்டுகீறான் பாருங்க. இதயே தொறங்க."

அந்த இடத்தில் சாவியோ பேசியிருக்கலாம். கடப்பாரை எடுத்து வர ஆள் போனான். அவன் திரும்பி வந்தான். பலகை இடுக்கில் முனையை வைத்தான். முதல் ஆணி கிறீச்சிட்டது. அத்தனை நேரம் இருந்தது.

மேலே இரண்டு நாற்காலிகள், மடித்து வைத்தவை. பாஸ்கல் அவற்றில் ஒன்றை விரித்து, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தார். "சோக்கா கீது," என்றார் அதிகாரியிடம்.

அடுத்து ஒரு பூப்போட்ட பெட்ஷீட் மூட்டை. ஆள் அதைத் தூக்க முயன்றபோது முடிச்சு அவிழ்ந்தது. மஞ்சள் வண்ணம் பூசிய ஷாக் அப்சார்பர்கள் சிமென்ட் தரையில் உருண்டன. ஒன்று பாஸ்கலின் பாலிஷ் போட்ட ஷூவில் வந்து முட்டி நின்றது.

"இது என்னங்க?" என்றார் அதிகாரி. சிரிப்பு போயிருந்தது.

பாஸ்கல் குனிந்து அதை எடுத்தார். மகனின் கடையில் தினமும் பார்க்கிற பொருள். அது என்னவென்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. நிமிர்ந்து மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. 'ஏதாவது சொல்லேன்' என்கிற கெஞ்சல்தான் இருந்தது.

சாவியோ சொன்னான்.

"அங்க... ரேச்சல் பக்கம் யாரோ கலந்து வெச்சுட்டாங்கபோல நைனா. யாருக்காவது அனுப்பற சாமானா இருக்கும். எனக்குத் தெரியல."

அதிகாரி எதையோ கேட்டார். எபினேசர் எதையோ சொன்னார். பாஸ்கல் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. போனை எடுத்து ரேச்சலின் எண்ணைப் போட்டார். காது சரியாகக் கேட்காததால் எப்போதும்போல ஸ்பீக்கரில்தான் பேசினார்.

"அங்கிள்! பொட்டி வந்துச்சா?" அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"வந்துச்சும்மா. நல்லா வந்துச்சு. நீ இன்னா வேலை பண்ணி வெச்சுகீற ரேச்சலு? கெழங்கட்டைங்களுக்கு வர்ற சாமான்ல இரும்ப வெச்சு அனுப்பிகீறியே, மாதாவுக்காவது பயந்திருக்க வேணாம்? உன்ன நம்பிதான நான் இங்க கையெழுத்துப் போட்டேன்? ஊரு வுட்டு ஊரு போனா வளத்த வளப்புமா மறந்துடும்?"

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லாரிக் கிளீனர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

ரேச்சலின் குரலில் இருந்த சந்தோஷம் அடங்கியது. பிறகு கேட்டாள்:

"அங்கிள், சாவியோ பக்கத்துல இருக்கானா?"

"இருக்கான்."

"நான் பேசறது அவனுக்குக் கேக்குதா?"

"கேக்குது."

அவள் காத்திருந்தாள். தொலைவில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் மணி ஒலித்தது. சாவியோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி அங்கிள். அப்ப நான் வெச்சுடறேன்," என்றாள் ரேச்சல்.

பாஸ்கல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முதல் முறையில் விழவில்லை. இரண்டாவது முறைதான் விழுந்தது. அதற்குப் பிறகு மகன் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

நாற்காலிகளையும் இப்போது விட முடியாது என்றார் அதிகாரி. நாளைக் காலை பத்து மணிக்குக் கையெழுத்திட்டவர் வந்து வாக்குமூலம் தரவேண்டும். அனுப்பியவர்களிடமிருந்தும் விளக்கம் வேண்டும். "மன்னிச்சுக்கங்க ஐயா," என்று கடைசியில் அவர் சேர்த்துக்கொண்டதுதான் பாஸ்கலுக்கு மிகவும் வலித்தது.

"வா நைனா, வூட்டுக்குப் போலாம்," என்றான் சாவியோ வண்டியைத் திருப்பிக்கொண்டு.

"நான் பஸ்ஸுல வரேன்."

* * *

மாதா கோயில் மாலை மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் பாஸ்கல் வீட்டுக்குள் வந்தார். முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

சுஜா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நடந்தது அனைத்தையும் சாவியோ அவளிடம் சொல்லியிருந்தான். ரேச்சல் பெயரைச் சொன்னதை மட்டும் விழுங்கப் பார்த்தான். அவள்தான் பிடுங்கி எடுத்தாள். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. இப்போது அவன் மாடிப்படியில், பாதி இருட்டில் உட்கார்ந்திருந்தான்.

"யேசுதாஸுகிட்ட சொல்லிட்டேம்மா," என்றார் பாஸ்கல். "'பரவால்ல மாமு, இத்தினி நாளு படுத்துகினுதான இருந்தேன்'னான். என்னையே அவன் தேத்தறான்."

தண்ணீரைக் குடித்து முடித்தார். தம்ளரைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சுஜாம்மா. உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல அவளுக்கு எந்தத் தடையும் இல்லை. தெரியாது என்றால் அவர் நம்பிவிடுவார். இந்த வீட்டில் நம்புவதற்கு ஒருத்தியாவது மிச்சம் என்று நிம்மதியாகக்கூட இருப்பார்.

"காலையில தெரிஞ்சிட்டு மாமா," என்றாள். "நீங்க ஷூ துடைச்சிக்கிட்டு இருந்தீங்க. நான் மேல நின்னேன். இறங்கி வந்து சொல்லல."

"ஏம்மா?"

"அவுக சொல்லிருவாகன்னு நெனச்சேன்." சொன்னதும் அது முழு உண்மை இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. "சாமான் வெளிய வந்துட்டா நல்லதுன்னும் ஒரு ஓரமா நெனச்சிட்டேன் மாமா."

பாஸ்கல் தம்ளரை அவளிடம் கொடுத்தார். "நீ சொல்ட்ட," என்றார் மெதுவாக.

மாடிப்படியில் அசைவு கேட்டது. சாவியோ இறங்கி வந்தான். அப்பாவின் நாற்காலிக்கு முன்னால், தரையில் உட்கார்ந்தான். போனை எடுத்து ஸ்பீக்கரைப் போட்டு இருவருக்கும் நடுவில் வைத்தான். மணி நீண்ட நேரம் அடித்தது.

"சொல்லு," என்றாள் ரேச்சல்.

"ரேச்சல், நைனா கீறாரு. சுஜாவும் கீறா. எல்லாரும் கேட்டுகினு கீறாங்க." போனை அப்பா பக்கம் நகர்த்தினான். "வெச்சது நானு. நீ டூட்டிக்குப் போன அப்பறம் வெச்சேன். உனக்கு ஒண்ணுமே தெரியாது. மதியம் பொய் சொன்னேன். நாளைக்கு ஆபீசர்கிட்ட போயி நானே சொல்லிடறேன்."

போன் கட்டாகிவிட்டதோ என்று சுஜா எட்டிப் பார்த்தாள்.

"லேட்டுடா," என்றாள் ரேச்சல்.

"இன்னா?"

"எபினேசர் சார் அப்பவே போன் பண்ணி விளக்கம் கேட்டாரு. என் சொந்தக்காரருக்கு அனுப்பற சாமான், நான்தான் வெச்சேன்னு எழுதி அனுப்பிட்டேன். எனக்காக இங்க எங்க கோயில் ஃபாதரும் கையெழுத்துப் போட்டாரு. போடறப்ப அவரு என்ன பாத்த பார்வை இருக்கே..." குரல் நின்று, திரும்ப வந்தது. "இனிமே கோயில் பொறுப்பு எதுவும் வேணாம்னு சொல்லிட்டாரு."

"ஏன் ரேச்சல் அப்படிப் பண்ண?"

"உனக்காக இல்ல. ஹார்பர்ல அப்பா செத்த அப்பறம், என் கல்யாணத்தப்ப கோயில் வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும் என் கையப் புடிச்சு கூட்டிகினு போனது யாரு? அவர நிக்க வெச்சு கேள்வி கேப்பாங்கன்னு எபினேசர் சார் சொன்னாரு. நான் வேற இன்னா பண்றது?"

பாஸ்கல் முன்னால் குனிந்தார். "ரேச்சலு... அம்மாடி..." அவ்வளவுதான் வந்தது.

"நீங்க அழாதீங்க அங்கிள்." அவளும் அழுதுகொண்டிருந்தாள். "சாவியோ, நல்லா கேட்டுக்க. நாளைக்கு நீ உண்மைய சொன்னா, நான் எழுதிக் குடுத்தது பொய். ஒண்ணும் தெரியாத எங்க ஃபாதரும் பொய்யில மாட்டுவாரு. சொல்லலன்னா, சர்ச்சு பேர்ல கடத்தனவள்னு நான் காலம் பூரா பேரெடுத்துகினு கெடக்கவேண்டியதுதான். ரெண்டுல எது வேணுமோ நீயே பாத்துக்க."

அழைப்பு நின்றது.

வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள். பாஸ்கல் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். யார்டில் ரேச்சலோடு பேசி முடித்ததிலிருந்து முதல்முறையாக மகனை நேராகப் பார்த்தார்.

"நாளைக்கு நானும் வரேன்," என்றார். "ஆனா பேசமாட்டேன். நீ இன்னா சொல்லப்போற, அத இப்பவே சொல்லு. எனக்குக் கேக்கணும்."

சாவியோ வாயைத் திறந்தான். காலையிலிருந்து சொல்லாமல் விட்ட அத்தனை சொற்களும் இப்போது கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன. அவற்றில் எதைத் தொட்டாலும் அது ரேச்சலின் தலையில்தான் போய் விழும்.

"எனக்குத் தெரியல நைனா," என்றான்.

அன்றைக்கு அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் உண்மை அது.